பேரேட்டில் சிக்கிய அல் கபோன்: சிகாகோ பயணக் குறிப்புகள்

ஞாயிறு, இரவு

சிகாகோவின் ஓஹேர் விமான நிலையத்தில் இறங்கியதும் அக்கா மகனிடம் கேட்ட முதல் காரியம், இரண்டாவது டெர்மினலுக்குக் கூட்டிப் போ என்பதுதான். "சாப்பிட்டுவிட்டுப் போகலாமே மாமா" என்றான். பார்த்துவிட்டுச் சாப்பிடலாம் என்றேன். அங்கே இரண்டாம் உலகப்போர் காலத்து வைல்ட்கேட் ரகப் போர் விமானம் ஒன்றை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மூக்கில் ஒற்றை உந்துவிசிறி, கட்டையான உடல், கடற்படையின் நட்சத்திரக் குறி. பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடுகிற கூட்டத்தில் நின்று பார்ப்பவர்கள் மிகக் குறைவு.

எட்வர்ட் 'புட்ச்' ஓஹேர் என்ற கடற்படை விமானியின் பெயரைத்தான் 1949இல் இந்த விமான நிலையத்துக்கு வைத்தார்கள். 1942 பிப்ரவரியில் பசிபிக் கடலுக்கு மேலே, தன் கப்பலை நோக்கி வந்த ஜப்பானியக் குண்டுவீச்சு விமானங்களை ஏறத்தாழ ஒற்றை ஆளாக மறித்தவர். நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் பெற்றவர். மறு ஆண்டே போரில் மறைந்தார்.

நான் வந்தது மகனுக்காக மட்டும் அல்ல, தகப்பனுக்காகவும்தான். தகப்பன் எட்வர்ட் ஓஹேர் ஒரு வழக்கறிஞர். நாய்ப் பந்தயத் தொழிலில், சிகாகோவின் கள்ளச்சாராயக் கும்பல் தலைவன் அல் கபோனோடு கூட்டு வைத்திருந்தவர். அதே மனிதர்தான் வருமானவரி அதிகாரிகளுக்கு உள்ளிருந்து தகவல் கொடுத்தார். 1939 நவம்பர் 8ஆம் தேதி, சிகாகோவின் ஆக்டன் அவென்யூவில் கார் ஓட்டிச் செல்லும்போது அவரைச் சுட்டுக் கொன்றார்கள். எட்டே நாள் கழித்து, நவம்பர் 16ஆம் தேதி, கபோன் சிறையிலிருந்து வெளியே வந்தான். சுட்டவர்கள் யார் என்பது வழக்கு மன்றத்தில் ஒருநாளும் நிரூபிக்கப்படவில்லை.

தணிக்கைத் துறையில் காலம் கழித்து ஓய்வு பெற்றவன் நான். கபோன் கதையைச் சொல்கிறவர்கள் துப்பாக்கியையும் தொப்பியையும் சுருட்டையும் சொல்வார்கள். எனக்கு அதில் ஆர்வம் இல்லை. அவனை வீழ்த்திய பேரேட்டின் தடத்தைத் தேடித்தான் இந்த ஊருக்கு வந்திருக்கிறேன்.

திங்கள், மாலை

22ஆம் எண் பஸ் வடக்கு கிளார்க் தெருவில் போகிறது. 2122ஆம் இலக்கம் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் இறங்கினேன். வேலி, அதற்கு உள்ளே புல்தரை, சில மரங்கள். பக்கத்தில் முதியோர் இல்லம். பெயர்ப்பலகையோ நினைவுக்கல்லோ எதுவும் இல்லை. எதிரே ஒரு பெண் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். தெரியாதவர்கள் இந்த இடத்தைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

1929 பிப்ரவரி 14, காலை பத்தரை மணி. இங்கே ஒரு கார் ஷெட் இருந்தது. கபோனின் எதிரி 'பக்ஸ்' மோரன் கும்பல் சாராயம் ஏற்றி இறக்கும் இடம் அது. போலீஸ் கார் போலத் தோன்றிய வண்டி ஒன்று வந்து நின்றது. இறங்கியவர்களில் இருவர் போலீஸ் உடையில் இருந்தார்கள். உள்ளே இருந்தவர்கள் வழக்கமான சோதனை என்று எண்ணிச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றிருக்கிறார்கள். தாம்சன் இயந்திரத் துப்பாக்கிகளிலிருந்து ஏறத்தாழ எழுபது குண்டுகள். அதன்பின் 'போலீஸ்காரர்கள்' இருவரும் மற்றவர்களைக் கைதிகள் போலக் கைதூக்க வைத்து வெளியே நடத்திப் போனார்கள். பார்த்த அக்கம்பக்கத்தார் யாரையோ கைது செய்து போகிறார்கள் என்றே நினைத்தார்கள்.

மோரன் அன்று தாமதமாக வந்ததால் தப்பினான். செத்தவர்கள் ஏழு பேர்: பீட்டர் குசன்பெர்க், அவர் தம்பி ஃபிராங்க், ஆல்பர்ட் கச்செல்லெக், ஆடம் ஹேயர், ஆல்பர்ட் வைன்ஷாங்க், ரைன்ஹார்ட் ஷ்விம்மர், ஜான் மே. இதில் ஷ்விம்மர் கண்ணாடி விற்பவர். ரௌடிகளோடு பழகுவதில் ஆசை கொண்டு அங்கே வந்து போனவர். ஜான் மே மெக்கானிக். லாரிக்கு அடியில் படுத்து நட்டு முடுக்கிக்கொண்டிருக்க வேண்டிய மனிதர். அவருடைய அல்சேஷன் நாய் 'ஹைபால்' கட்டிப்போட்ட இடத்தில் ஊளையிட்ட சத்தம் கேட்டுத்தான் பக்கத்து வீட்டார் ஆள் அனுப்பிப் பார்த்தார்கள். ஃபிராங்க் குசன்பெர்க் சில மணி நேரம் உயிரோடு இருந்தார். சுட்டது யார் என்று போலீஸ் கேட்டும் வாயைத் திறக்கவில்லை.

அந்த நேரத்தில் கபோன் ஃபுளோரிடாவில் அரசு வழக்கறிஞர் ஒருவரின் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தான். இதைவிடப் பலமான சாட்சி வேறு யாருக்குக் கிடைக்கும்? அதே ஆண்டின் இறுதியில், மிச்சிகன் மாநிலத்தில் ஃபிரெட் பர்க் என்பவனின் வீட்டில் இரண்டு தாம்சன் துப்பாக்கிகள் சிக்கின. கால்வின் காடார்ட் என்ற நிபுணர், தோட்டாக்களை நுண்ணோக்கியில் ஒப்பிட்டு, கொலையில் பயன்பட்டவை அவைதான் என்று காட்டினார். பர்க் வேறொரு போலீஸ்காரரைக் கொன்றதற்காக ஆயுள் தண்டனை பெற்றான். இந்த ஏழு பேரைக் கொன்றதற்காக இன்றுவரை ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது என்னை வாட்டியது இதுதான்.

கட்டடத்தை 1967இல் இடித்தார்கள். சுவரின் செங்கற்களைக் கனடாவைச் சேர்ந்த ஒரு வியாபாரி வாங்கிப் போனார். அவற்றில் பல இப்போது லாஸ் வேகஸ் அருங்காட்சியகம் ஒன்றில் பார்வைக்கு இருக்கின்றன.

செவ்வாய்

ஸ்டேட் தெருவில் ஹோலி நேம் பேராலயம். எதிரே, பின்னாளில் கார் நிறுத்தும் இடமாக இருந்த மனையில் டீன் ஓபானியனின் பூக்கடை இருந்தது. வடக்குப் பகுதியின் சாராயத் தலைவன். பூக்கட்டுவதில் உண்மையான கைத்திறன் உள்ளவன். 1924 நவம்பர் 10 அன்று கடைக்கு வந்தவர்களில் ஒருவன் கைகுலுக்கிக் கையை விடாமல் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் சுட்டார்கள். அவன் இடத்துக்கு வந்த ஹைமி வைஸை 1926 அக்டோபரில் இதே இடத்தில், பக்கத்து விடுதியின் மாடி ஜன்னலிலிருந்து சுட்டார்கள். குண்டுகள் ஆலயத்தின் அடிக்கல்லில் பொறித்திருந்த வேத வசனத்தையும் சிதைத்தன.

ஆலயத்துக்குள் காலைப் பூசை முடிந்து சிலர் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். அதிக நேரம் இருக்கவில்லை.

இவ்வளவு ரத்தமும் எதற்காக என்று ஒருமுறையாவது சொல்லிவிட வேண்டும். 1920 ஜனவரி 17 அன்று அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. அன்றைக்குத்தான் கபோனுக்கு 21 வயது நிறைந்தது. சட்டம் தடுத்ததே தவிர ஊர் குடிப்பதை நிறுத்தவில்லை. பீர் தயாரிக்க ஆலை வேண்டும், ஏற்றிப்போக லாரி வேண்டும், லாரியை மறிக்காமலிருக்கப் போலீசுக்கு மாமூல் வேண்டும், மாமூலை வாங்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்ள நகரமன்றத்தில் ஆள் வேண்டும். இத்தனையையும் ஒரு கம்பெனி போல ஒழுங்குபடுத்தத் தெரிந்தவன் ஜானி டோரியோ. அவன் கையில் வளர்ந்தவன் கபோன். 1925 ஜனவரியில் டோரியோ சுடப்பட்டு உயிர் தப்பினான். மிரண்டுபோய்த் தொழில் முழுவதையும் கபோனிடம் ஒப்படைத்துவிட்டு விலகினான். அப்போது கபோனுக்கு 26 வயது.

புதன், இரவு

இன்று தெற்குப் பக்கம். அக்கா மகன் விடுப்பு எடுத்துக் காரில் அழைத்துப் போனான்.

7244, தெற்கு பிரெய்ரி அவென்யூ. சிவப்புச் செங்கல் வைத்த, மாடியும் தரைத்தளமும் தனித்தனி வீடாக அமைந்த சாதாரணக் கட்டடம். அந்தக் காலத்தில் ஒரு பள்ளி ஆசிரியரோ ரயில்வே ஊழியரோ வாங்கியிருக்கக் கூடிய வீடு. யாரோ குடியிருக்கிறார்கள்; எனவே தெருவின் எதிர்ப்பக்கம் நின்று பார்த்துவிட்டுப் புறப்பட்டோம், படம் எடுக்கவில்லை. கபோன் 1923இல் வாங்கிய இந்த வீட்டில் தாய் தெரேசாவும் மனைவி மேயும் மகனும் தம்பி தங்கைகளும் இருந்தார்கள். புரூக்ளினில் முடி திருத்திய தகப்பனுக்கும் தையல் வேலை பார்த்த தாய்க்கும் 1899இல் பிறந்தவன் அவன். ஆசிரியரை அடித்துவிட்டுப் பள்ளியை விட்டவன். இளவயதில் கோனி ஐலண்ட் மதுக்கடையில் வேலை செய்தபோது ஒரு பெண்ணைப் பற்றித் தகாத வார்த்தை பேசி, அவள் அண்ணனிடம் கன்னத்தில் கத்திவெட்டு வாங்கினான். அந்தத் தழும்பைப் போரில் பட்டது என்று சொல்லித் திரிந்தான். அவன் போருக்குப் போனதே இல்லை.

மிச்சிகன் அவென்யூவில் அவன் தலைமையிடமாக வைத்திருந்த லெக்சிங்டன் ஹோட்டல் 1995இல் இடிக்கப்பட்டுவிட்டது. அதற்கு முன் 1986இல், அங்கே அவனுடைய ரகசிய அறை இருப்பதாகச் சொல்லிச் சுவரைத் தொலைக்காட்சி நேரலையில் உடைத்தார்கள். மண்ணும் சில வெற்றுப் பாட்டில்களும்தான் இருந்தன.

திரும்பும் வழியில் 935, தெற்கு ஸ்டேட் தெரு. பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில், 1930இன் கடைசியில், கபோன் இங்கே இலவசக் கஞ்சித்தொட்டி திறந்தான். வேலையற்றவர்களுக்கு சூப், காபி, டோனட் இலவசம் என்று பெரிய பலகை. கோட்டும் தொப்பியும் போட்ட ஆண்கள் வரிசையில் நிற்கும் புகைப்படம் உலகம் முழுக்கப் போனது. அக்கா மகன் கேட்டான்: "பசித்தவனுக்குச் சோறு போட்டது தப்பா மாமா?"

தப்பில்லை. வரிசையில் நின்றவர்களின் பசி பொய்யும் இல்லை. ஆனால் அந்தப் பணம் யாருடையது என்று கேட்க வேண்டாமா? வாரம்தோறும் கடைக்காரர்களை மிரட்டி வாங்கியது, சூதாட்டக் கூடத்தில் தொழிலாளி தொலைத்த கூலி, விபச்சார விடுதிகளில் பெண்களின் உடலிலிருந்து பிடுங்கியது. கபோனை ஏழைப் பங்காளன் என்று பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. அவனுடைய சாம்ராஜ்யத்தின் அடித்தளத்தில் அந்தப் பெண்கள் இருந்தார்கள். அவர்களுடைய பெயர்கள் எந்தப் புகைப்படத்திலும் இல்லை. வீட்டுக்கு வந்து சேரும்வரை இதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தோம்.

வியாழன்

பிங்க் லைன் ரயிலில் கடைசி நிறுத்தம் வரை போனால் சிசரோ. இறங்கினால் செர்மாக் சாலை. அன்று அதற்கு 22ஆம் தெரு என்று பெயர். பெயர்ப்பலகைகள் எல்லாம் ஸ்பானிய மொழியில் இருந்தன. மெக்சிகோக் குடும்பங்கள் நிறைந்த, உழைக்கும் மக்களின் ஊர். ஒரு சிறிய கடையில் சூடான டோர்டியாவை நான்காக மடித்துக் கொடுத்தார்கள், பசிக்கு இதமாக இருந்தது.

சிகாகோவில் 1923இல் வில்லியம் டெவர் மேயராகிக் கெடுபிடி காட்டியதும் கும்பல் இங்கே இடம்பெயர்ந்தது. 1924 ஏப்ரல் 1 நகரமன்றத் தேர்தல் நாளில் வாக்குச்சாவடிகளில் துப்பாக்கியோடு நின்றார்கள். ஆள்கடத்தலும் அடிதடியும் நடந்தன. சிகாகோவிலிருந்து அனுப்பப்பட்ட போலீசார் சுட்டதில் அண்ணன் ஃபிராங்க் கபோன் தெருவிலேயே செத்தான். ஆனாலும் தேர்தலில் ஜெயித்தது கபோன் தரப்புதான். அதன்பின் சிசரோ நகராட்சி அவன் கைக்குள் இருந்தது.

1926 செப்டம்பரில், இந்தத் தெருவிலிருந்த ஹாதார்ன் ஹோட்டல் முன்னால் வைஸின் ஆட்கள் வரிசையாகக் கார்களில் வந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட குண்டுகளைப் பொழிந்தார்கள் என்று சொல்கிறார்கள். மெய்க்காவலன் இழுத்துத் தரையில் தள்ளியதால் கபோன் பிழைத்தான். தெருவில் காரில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் கண்ணில் அடிபட்டது.

எனக்கு முக்கியமான சம்பவம் அதற்குச் சில மாதம் முந்தியது. 1926 ஏப்ரலில் சிசரோவில் வில்லியம் மெக்ஸ்விகின் என்ற அரசு உதவி வழக்கறிஞர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஊர் கொதித்தது. போலீசார் கபோனின் சூதாட்டக் கூடங்களை உடைத்துச் சோதனை போட்டார்கள். அங்கிருந்த ஒரு கடையில் சில கணக்குப் புத்தகங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். கொலையைத் துப்புத் துலக்க அவை உதவவில்லை. யாரும் பிரித்துப் பார்க்காமல் கட்டுக் கட்டாக ஒரு ஓரத்தில் கிடந்தன. வருடங்கள் ஓடின. மீதியை நாளை எழுதுகிறேன்.

வெள்ளி, நள்ளிரவு

ஃபெடரல் பிளாசாவின் நடுவே அலெக்சாண்டர் கால்டர் செய்த 'ஃபிளமிங்கோ' சிற்பம் நிற்கிறது. 53 அடி உயரம், செக்கச் சிவப்பு. சுற்றிலும் கறுப்பு எஃகும் கண்ணாடியுமாக அரசு அலுவலகங்கள். குவிமாடத்தோடு இங்கே இருந்த பழைய நீதிமன்றக் கட்டடத்தை 1960களில் இடித்துவிட்டார்கள். 1931 அக்டோபரில் கபோன் விசாரிக்கப்பட்டது அந்தக் கட்டடத்தில்தான். சிற்பத்தின் நிழலில் உட்கார்ந்து மதியம் முழுவதும் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன்.

கபோன் வருமானவரிப் படிவமே தாக்கல் செய்ததில்லை. திருட்டு வருமானத்துக்குக் கணக்குக் காட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டது போல ஆகாதா என்பது அந்நாளைய கள்ளச்சாராயக்காரர்களின் வாதம். 1927இல் சல்லிவன் என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஒதுக்கித் தள்ளியது: சட்டவிரோத வருமானமும் வருமானம்தான், வரி கட்டத்தான் வேண்டும். கதவு திறந்தது. ஆனால் உள்ளே நுழைந்தால் வெறும் அறை! கபோன் பெயரில் வங்கிக் கணக்கு இல்லை, சொத்து இல்லை, கையெழுத்து இல்லை. எல்லாம் ரொக்கம், இல்லாவிட்டால் பினாமி. எங்கள் துறையில் இருந்தவர்களுக்கு இந்த நிலைமை நன்றாகவே தெரியும்.

ஃபிராங்க் வில்சன் என்ற வருமானவரிப் புலனாய்வு அதிகாரியிடம் வேலை வந்தது. அவர் துப்பாக்கி ஏந்திக் கதவை உடைத்தவர் அல்லர். இரவு பகலாகக் காகிதம் புரட்டினார். 1930இல் ஒரு நாள், மெக்ஸ்விகின் கொலைக்குப் பின் அள்ளிவந்த அந்தப் பழைய பேரேடுகள் அவர் கையில் அகப்பட்டன. பத்தி பத்தியாகத் தலைப்புகள்: ரூலெட், கிராப்ஸ், ஃபாரோ, குதிரைப் பந்தயம். ஒவ்வொன்றின் கீழும் அன்றாட வரவு, லாபம். ஓரிடத்தில், அல் சார்பில் ஃபிராங்க் என்ற ஒருவர் 17,500 டாலர் கொடுத்ததாக ஒரு பதிவு. இது ஒரு பெரிய சூதாட்டக் கூடத்தின் ஒழுங்கான கணக்கு என்பது அவருக்கு விளங்கிவிட்டது.

கணக்கை எழுதியவர் யார்? பேரேடு தானாகப் பேசாது. எழுதியவர் நீதிமன்றத்தில் வந்து "இது என் எழுத்து" என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் தாள். வில்சனும் சகாக்களும் வங்கிச் சீட்டுகளிலும் பழைய விண்ணப்பங்களிலும் இருந்த கையெழுத்துகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டார்கள். கடைசியில் லெஸ்லி ஷம்வே என்ற காசாளரின் எழுத்தோடு ஒத்துப்போனது. 1931இன் தொடக்கத்தில் அவரை மயாமியில் கண்டுபிடித்தார்கள். ஃபிரெட் ரீஸ் என்ற இன்னொரு காசாளரை செயின்ட் லூயிஸில் பிடித்தார்கள். சூதாட்ட லாபத்தைப் பொய்ப்பெயரில் வங்கிக் காசோலையாக மாற்றியவர் அவர். அவருக்குப் பூச்சி என்றால் உயிரே போய்விடுமாம். பூச்சி நிறைந்த சிறை அறையில் சில நாள் வைத்ததும் பேசச் சம்மதித்தார். விசாரணை வரை அவரைக் கொல்லாமலிருக்கத் தென் அமெரிக்காவுக்கு அனுப்பி வைத்தார்கள்.

இன்னொரு பிழையைக் கபோன் தரப்பே செய்தது. சமரசம் பேச வந்த அவனுடைய வரி வழக்கறிஞர் மேட்டிங்லி, கட்சிக்காரருக்கு இவ்வளவு வருமானம் இருந்திருக்கலாம் என்று ஆண்டுவாரியாக எழுதிக் கடிதமே கொடுத்துவிட்டார். வருமானமே இல்லை என்று சாதித்தவன், இருக்கிறது என்று எழுத்தில் ஒப்புக்கொண்டது போல ஆயிற்று.

தண்டனையைப் பேசி முடித்துக்கொள்ளலாம் என்று நம்பி 1931 ஜூனில் கபோன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். நீதிபதி ஜேம்ஸ் வில்கர்சன் ஏற்கவில்லை. கூட்டாட்சி நீதிமன்றத்தில் பேரம் கிடையாது என்றார். அடுத்து ஜூரிகளை விலைக்கு வாங்கும் முயற்சி நடந்தது. தகவல் ஓஹேர் வழியாக வில்சனுக்கு வந்தது. வழக்குத் தொடங்கிய நாளில் வில்கர்சன் ஜூரிகளின் பட்டியல் முழுவதையும் பக்கத்து நீதிமன்றத்துப் பட்டியலோடு மாற்றிவிட்டார். கபோன் பக்கம் பணம் வாங்கத் தயாராக இருந்தவர்கள் வேறு வழக்குக்குப் போய்விட்டார்கள்.

பிறகு சாட்சிக்கூண்டில் தையற்காரர்கள், நகைக்கடைக்காரர்கள், கறிக்கடைக்காரர், தொலைபேசி நிறுவன ஊழியர்கள் ஒருவர்பின் ஒருவராக ஏறினார்கள். பட்டு உள்ளாடை எத்தனை, வைரம் பதித்த பெல்ட் பக்கிள் எத்தனை, ஃபுளோரிடா மாளிகைக்குக் கறி எவ்வளவு. வருமானம் இல்லாதவன் இத்தனை செலவு எப்படிச் செய்தான்? ஷம்வே கூண்டிலேறித் தன் எழுத்தை அடையாளம் காட்டினார். கபோனின் ஆட்கள் நீதிமன்றத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்த நாட்கள் அவை. மதுவிலக்கு அதிகாரி எலியட் நெஸ்ஸின் குழு மது ஆலைகளை உடைத்துச் சேர்த்த ஆயிரக்கணக்கான மதுவிலக்குக் குற்றச்சாட்டுகள் விசாரணைக்கே வரவில்லை. ஆனாலும் மக்களின் நினைவில் நெஸ்தான் நிற்கிறார்.

22 குற்றச்சாட்டுகளில் ஐந்து நிரூபணமாயின. அக்டோபர் 24 அன்று தீர்ப்பு: 11 ஆண்டுச் சிறை, 50,000 டாலர் அபராதம், பாக்கி வரி தனி. வரி ஏய்ப்புக்கு அதுவரை யாருக்கும் இவ்வளவு கொடுத்ததில்லை. அரசு சொன்ன வரிப்பாக்கி ஏறத்தாழ 2,15,000 டாலர். அவன் ஆண்ட தொழிலின் அளவுக்கு அது சில்லறைப் பணம். அந்தச் சில்லறையை எழுத்தில் நிரூபிக்க எத்தனை பேரின் எத்தனை இரவுகள் தேவைப்பட்டன! தூக்கம் வரவில்லை, எழுதிக்கொண்டே இருக்கிறேன்.

சனி

மேற்குப் புறநகரான ஹில்சைடில் மவுண்ட் கார்மல் கல்லறைத் தோட்டம். புதர்களுக்குப் பின்னால் 'கபோன்' என்று பெரிய குடும்பக் கல். அதன் முன்னால் தரையோடு தரையாகச் சிறு கற்கள். ஒன்றில் 'அல்ஃபோன்ஸ் கபோன், 1899–1947' என்றும், என் இயேசுவே இரக்கமாயிரும் என்ற பொருளில் ஒரு வரியும். கல்லின் மேல் நாணயங்கள், பாதி எரிந்த சுருட்டு. முதலில் வேறொரு கல்லறையில் புதைத்து, 1950இல் இங்கே மாற்றினார்கள். அவன் கொல்லத் துடித்த ஓபானியனும் வைஸும் இதே தோட்டத்தில்தான் இருக்கிறார்கள்.

தண்டனையை 1932இல் அட்லாண்டாவில் தொடங்கினான். அங்கே சலுகை வாங்கினான் என்ற புகார் எழுந்தது. 1934 ஆகஸ்டில் அல்கட்ராஸ் தீவுச் சிறைக்கு அனுப்பினார்கள். கைதி எண் 85. சலவைக்கூடத்தில் வேலை, சிறை இசைக்குழுவில் பான்ஜோ. 1936இல் சக கைதி ஒருவன் கத்தரிக்கோலால் குத்தினான். முன்பே உடலில் இருந்த மேகநோய் மூளையைத் தாக்கியது. வெளியே வந்தபோது பழைய ஆளாக இல்லை. பால்டிமோரில் ஒரு மருத்துவமனை சேர்க்க மறுக்க, சேர்த்துக்கொண்ட யூனியன் மெமோரியல் மருத்துவமனைக்கு நன்றியாகச் செர்ரி மரங்கள் கொடுத்தான். பெனிசிலின் கிடைத்தும் காலம் கடந்திருந்தது. 1947 ஜனவரி 25 அன்று ஃபுளோரிடாவில் உயிர் பிரிந்தபோது வயது 48. அவன் விட்டுப்போன கும்பலுக்கு எதுவும் ஆகவில்லை. நிட்டி, ரிக்கா, அக்கார்டோ என்று தலைமை கைமாறிப் பல பத்தாண்டுகள் நீடித்தது.

நாங்கள் நின்றுகொண்டிருந்தபோது கல்லூரி மாணவர்கள் போல இருவர் வந்து, கல்லுக்குப் பக்கத்தில் குனிந்து படம் எடுத்தார்கள். ஒருவன் மற்றவனிடம், இவனைப் பிடித்தது எலியட் நெஸ்தானே என்றான். நான் குறுக்கிட்டேன். ஃபிராங்க் வில்சனைச் சொன்னேன், ஷம்வேயைச் சொன்னேன். "ஷம்வே யார்?" என்று கேட்டான். சூதாட்டக் கூடத்தின் காசாளர், கையெழுத்து அழகாக இருக்கும் என்று தொடங்கினேன். இருவரும் கைப்பேசியைப் பையில் வைத்துவிட்டுக் கேட்டார்கள். அக்கா மகன் காரை எடுத்து வருவதற்குள் மயாமி வரை வந்திருந்தேன்; மீதியையும் சொல்லிவிட்டுத்தான் ஏறினேன்.